லீஸ் காரைத் திருப்பிக் கொடுக்கும்போது வரும் ‘தேய்மான பில்’: எதைக் கட்டணும், எதைக் கேள்வி கேட்கணும்?



ஆபீஸ் மூலமா லீஸில் கார் எடுக்கிறது இப்போ ரொம்ப சாதாரணமாகிடுச்சு. முன்பணம் கிடையாது, இன்சூரன்ஸ் அவங்களே பார்த்துப்பாங்க, சர்வீஸும் சேர்ந்தே வரும், மாசம் பிறந்தா சம்பளத்திலிருந்து ஒரு தொகை போகும். சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துட்டு, வாரக் கடைசியில் அந்தக் காரிலேயே திருவண்ணாமலை வந்து போறவங்க நம்ம வாசகர்களில் நிறைய பேர் இருக்கீங்க. சனிக்கிழமை காலையில் ரமணாசிரமம் பக்கம் செங்கம் ரோட்டில் நிக்கிற வண்டிகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்தாலே இது தெரியும்.

எடுக்கும்போது எல்லாமே சுலபம்தான். சிக்கல் கடைசி நாளில் வருது. 3 வருஷமோ 4 வருஷமோ ஒழுங்கா வாடகை கட்டி முடிச்சு, வண்டியைத் திருப்பிக் கொடுத்த இரண்டாவது வாரம் ஒரு மெயில் வரும். பம்பர், டயர், பெயிண்ட், உள் சுத்தம், சாவி, அதுக்கு மேல ஜிஎஸ்டி. கூட்டிப் பார்த்தா சில பேருக்கு ஒரு மாசச் சம்பளமே அதில் போயிடும். ‘கம்பெனி பில் போட்டா கட்டித்தானே ஆகணும்’னு பெரும்பாலானவங்க கட்டிடறாங்க.

வீடியோவில் வேகமா சொல்ல வேண்டியிருந்ததை இங்கே பொறுமையா, கணக்கோட பார்க்கலாம். முழுக் கட்டுரைக்கும் அடிப்படை ஒரே விஷயம்தான்: தேய்மானத்துக்கான காசை மாசா மாசம் வாடகையிலேயே கட்டிட்டீங்க. கடைசியில் அவங்க கேட்க முடிஞ்சது, தேய்மானத்துக்கு மேல உண்டான சேதத்துக்கு மட்டும்தான்.

முதல்ல, வாடகைக்குள்ள என்ன இருக்கு?

ஒரு கணக்குக்காக, 10 லட்சம் ரூபாய் கார், 4 வருஷ லீஸ்னு வெச்சுக்குவோம். 4 வருஷம் கழிச்சு இந்த வண்டி 4 லட்சத்துக்குப் போகும்னு லீஸ் கம்பெனி முன்கூட்டியே மதிப்பு போட்டிருக்கும். இதைத்தான் ‘ரெசிடுவல் வேல்யூ’ன்னு சொல்றாங்க. நம்ம பாஷையில், மிச்ச மதிப்பு.

10 லட்சத்தில் 4 லட்சம் போனா 6 லட்சம். இதை 48 மாசத்தால் வகுத்தா மாசம் 12,500 ரூபாய். இது முழுக்க வண்டியின் மதிப்பு குறையுறதுக்கான காசு.

அடுத்தது வட்டி. சராசரியா 7 லட்சம் அவங்க பணம் வண்டியில் முடங்கியிருக்கு. 10 சதவீத வட்டின்னா வருஷம் 70,000, மாசம் சுமார் 5,833 ரூபாய்.

ரெண்டும் சேர்ந்து 18,333 ரூபாய். இன்சூரன்ஸ், சர்வீஸ், வரி எல்லாம் இதுக்கு மேல தனி. கவனிங்க, அடிப்படை வாடகையில் மூணில் ரெண்டு பங்கு, அதாவது சுமார் 68 சதவீதம், தேய்மானத்துக்குத்தான் போகுது.

அந்த 4 லட்சம் மதிப்பு, 4 வருஷம் ஓடின காருக்குப் போட்டது. டயர் தேய்ஞ்சிருக்கும், சீட் துணி கொஞ்சம் மங்கியிருக்கும், பானட்டில் சின்னச் சின்ன கல் தெறிச்ச புள்ளி இருக்கும்னு தெரிஞ்சுதான் அந்த மதிப்பைப் போட்டாங்க. அதையே கடைசியில் மறுபடி பில்லில் போட்டா, ஒரே தேய்மானத்துக்கு ரெண்டு தடவை காசு கேட்கிறாங்கன்னு அர்த்தம்.

தேய்மானம் எது, சேதம் எது?

பில்லில் வர்ற ஒவ்வொரு வரியையும் நாலு கூடையில் பிரிச்சுப் போடுங்க.

முதல் கூடை, தேய்மானம். ஒழுங்கா ஓட்டினாலும் தானா வர்றது. பிரேக் பேட், கிளட்ச் பிளேட், வைப்பர் ரப்பர், டயர் தேயறது, ஸ்டியரிங் பளபளப்பாகறது, கை படற இடத்தில் நகக்கீறல். இது வாடகையில் அடக்கம்.

ரெண்டாவது, சேதம். ஒரு சம்பவத்தால் வந்தது. உடைஞ்ச பம்பர், சொட்டை விழுந்த கதவு, சுவரில் உரசின அலாய் வீல், சீட்டில் சிகரெட் சுட்ட ஓட்டை. இதுக்கு நீங்க பொறுப்பு.

மூணாவது, காணாமப் போனது. ரெண்டாவது சாவி, ஸ்டெப்னி, ஜாக்கி, டூல் கிட், சர்வீஸ் புக், எலெக்ட்ரிக் வண்டின்னா சார்ஜிங் கேபிள். இதில் வாதாட ஒண்ணுமே இல்லை. முன்கூட்டியே தேடி எடுத்து வெச்சுடுங்க.

நாலாவது, கூடுதல் கிலோமீட்டர். இது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிற கணக்கு. இதைத் தனியா கீழே பார்க்கலாம்.

முதல் ரெண்டு கூடைக்கும் நடுவிலதான் சண்டையே வருது. ஒரு கீறல் எவ்வளவு நீளம் இருந்தா அது சேதம்? பிரிட்டனில் இதுக்கு ஒரு பொது அளவுகோல் இருக்கு. அங்கே வாகன வாடகை, லீஸ் நிறுவனங்களின் சங்கமான பிவிஆர்எல்ஏ, ‘நியாயமான தேய்மானம்’ எதுன்னு ஒரு வழிகாட்டியே போட்டு வெச்சிருக்கு. உதாரணமா, உலோகம் வெளியே தெரியாத 25 மில்லிமீட்டருக்குள்ளான கீறல் தேய்மானக் கணக்கில் போகும். வண்டியைத் திருப்பித் தர்றதுக்கு 10-12 வாரம் முன்னாடியே நீங்களே ஒரு தடவை சோதிச்சுப் பாருங்கன்னும் அந்த வழிகாட்டி சொல்லுது.

நம்ம ஊரில் உங்க ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதுதான் அளவுகோல். ஒப்பந்தத்தோட பின்னிணைப்பில் ‘ரிட்டர்ன் கண்டிஷன்’ன்னு ஒரு பக்கம் இருக்கான்னு தேடுங்க. கீறல் நீளம், டயர் ஆழம், சொட்டை எண்ணிக்கை எல்லாம் அங்கே இருந்தா அதுதான் விதி. ‘நியாயமான தேய்மானம் நீங்கலாக’ன்னு ஒரே வரியில் முடிச்சிருந்தா, அந்த வரியை வெச்சு நீங்களும் பேசலாம். இன்னும் லீஸ் எடுக்காதவங்க, கையெழுத்துக்கு முன்னாடியே அந்தப் பக்கத்தைக் கேட்டு வாங்குங்க.

சட்டம் என்ன சொல்லுது?

பயப்படாதீங்க, மூணே மூணு விஷயம்தான்.

காரை லீஸில் எடுக்கும்போது, அடுத்தவங்க பொருளை ஒரு காலத்துக்கு உங்க கையில் வெச்சிருக்கீங்க. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இதைப் பற்றிப் பேசுது. 151-ஆவது பிரிவு, ஒரு சாதாரண விவேகமுள்ள மனுஷன் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கிற அளவு பார்த்துக்கணும்னு சொல்லுது. 152-ஆவது பிரிவு, அப்படிப் பார்த்துக்கிட்ட பிறகும் பொருள் கெட்டா, ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதாத வரைக்கும், நீங்க பொறுப்பில்லைன்னு சொல்லுது. ‘ஒப்பந்தத்தில் வேற மாதிரி எழுதாத வரைக்கும்’ங்கிற துண்டை அடிக்கோடு போட்டுக்குங்க. லீஸ் கம்பெனிகள் வழக்கமா வேற மாதிரிதான் எழுதியிருப்பாங்க. அதனாலதான் ஒப்பந்தத்தைப் படிங்கன்னு திரும்பத் திரும்பச் சொல்றேன்.

ரெண்டாவது, அதே சட்டத்தின் 74-ஆவது பிரிவு. ஒப்பந்தத்தில் அபராதம்னு ஒரு தொகை எழுதியிருந்தாலும், அந்தத் தொகைக்கு மேற்படாம, நியாயமான இழப்பீடு மட்டும்தான் கிடைக்கும். எழுதின தொகை உச்ச வரம்பு. அது அப்படியே கிடைச்சுடும்னு உத்தரவாதம் இல்லை.

இதுக்கு ஒரு நல்ல உதாரணம் டெல்லியில் நடந்தது. 1982-இல் டெல்லி வளர்ச்சி ஆணையத்தின் மனை ஏலத்தில் கைலாஷ் நாத் அசோசியேட்ஸ் என்ற நிறுவனம் 3.12 கோடிக்கு ஏலம் எடுத்து, கால் பங்கான 78 லட்சத்தை முன்பணமா கட்டுச்சு. பின்னாடி பிரச்சினையாகி ஆணையம் ஏலத்தை ரத்து செஞ்சு முன்பணத்தைப் பறிமுதல் பண்ணிடுச்சு. ஆனா அதே மனையை 1994-இல் மறுபடி ஏலம் விட்டப்போ 11.78 கோடி கிடைச்சுது. 2015-இல் உச்ச நீதிமன்றம், ஆணையத்துக்கு நஷ்டமே வரலையே, அப்புறம் எதுக்கு இழப்பீடுன்னு கேட்டு, பணத்தை வட்டியோட திருப்பித் தரச் சொல்லிடுச்சு. நஷ்டம் இருந்தாத்தான் இழப்பீடு. உங்க கார் பில்லுக்கும் இதே கேள்வியைக் கேட்கலாம்: ‘இந்தக் கீறலால் உங்களுக்கு உண்மையிலேயே எவ்வளவு நஷ்டம்?’

மூணாவது விஷயம் சம்பளக்காரங்களுக்கு ரொம்ப முக்கியம். நிறைய இடத்தில் லீஸ் ஒப்பந்தம் உங்க கம்பெனிக்கும் லீஸ் கம்பெனிக்கும் நடுவில்தான். நீங்க வண்டியை உபயோகிக்கிறவர் மட்டும். பில் முதல்ல உங்க ஆபீஸுக்குப் போகும், ஆபீஸ் அதை உங்க சம்பளத்திலோ, வேலையை விடும்போது கடைசி செட்டில்மென்ட்டிலோ பிடிக்கும். இங்கேதான் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு வருது. ஊழியரிடம் ஒப்படைச்ச பொருளுக்குச் சேதம்னு சம்பளத்தில் பிடிக்கணும்னா, 18, 21-ஆவது பிரிவுகள் மூணு நிபந்தனை வெக்குது:

• அந்தச் சேதம் நேரடியா உங்க கவனக்குறைவாலோ தவறாலோ வந்திருக்கணும்.
• பிடிக்கிற தொகை உண்மையான சேதத்தைத் தாண்டக் கூடாது.
• பிடிக்கிறதுக்கு முன்னாடி உங்க விளக்கத்தைச் சொல்ல வாய்ப்பு தரணும்.

இதுக்கு மேல, எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஒரு சம்பளக் காலத்தில் பாதிச் சம்பளத்தைத் தாண்டக் கூடாது. பழைய 1936 சட்டம் மாசம் 24,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கறவங்களுக்கு மட்டும்தான் பொருந்துச்சு. புதுச் சட்டத்தில் இந்தப் பகுதிக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை, ஐடி ஊழியருக்கும் பொருந்தும். அரசு அலுவலகங்களுக்கு மட்டும் விதி வேற.

ஆக, ஹெச்ஆர் ‘பில் வந்துச்சு, பிடிச்சுட்டோம்’னு சொன்னா, ‘எந்தச் சேதம், என் தவறுன்னு எப்படி முடிவு பண்ணீங்க, என்கிட்ட கேட்டீங்களா?’ன்னு மரியாதையா ஒரு மெயில் போடுங்க. சண்டை வேண்டாம். எழுத்தில் இருக்கட்டும், அது போதும்.

ஒரு மாதிரி பில்லைப் பிரிச்சுப் பார்க்கலாம்

இது புரியறதுக்காக நான் போட்ட மாதிரி பில். 4 வருஷத்தை நெருங்கற கார், ஒப்பந்தத்தில் இருக்கிறது ‘நியாயமான தேய்மானம் நீங்கலாக’ன்னு ஒரே வரி.

• முன் பம்பர் மாற்றம்: 14,000
• நாலு டயர்: 26,000
• இடது கதவு பெயிண்ட்: 6,500
• உள் சுத்தம்: 4,000
• ரெண்டாவது சாவி: 9,000
• ரீகண்டிஷனிங் கட்டணம்: 12,000

மொத்தம் 71,500. 18 சதவீத ஜிஎஸ்டி 12,870. கேட்கிற தொகை 84,370 ரூபாய்.

இப்போ ஒவ்வொண்ணா பார்ப்போம்.

பம்பர் உண்மையிலேயே உடைஞ்சிருக்கு, சரி. ஆனா 4 வருஷப் பழைய பம்பருக்குப் பதிலா புது பம்பர் விலை கேட்கிறாங்க. மோட்டார் இன்சூரன்ஸில் இதுக்கு ஒரு அட்டவணை இருக்கு. ‘ஜீரோ டெப்’ எடுக்காத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்கள், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பாங்க. உலோகப் பாகத்துக்கு வண்டி வயசைப் பொறுத்து மாறும்: 2 முதல் 3 வருஷம் வரை 15 சதவீதம், 3 முதல் 4 வரை 25, 4 முதல் 5 வரை 35. கண்ணாடிக்குக் கழிவே கிடையாது. இந்த அட்டவணை லீஸ் கம்பெனியைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. ஆனா நாடு முழுக்க இன்சூரன்ஸ் கம்பெனிகள் பழைய பாகத்துக்குப் புது விலை தர்றதில்லைங்கிறது பேச்சுவார்த்தையில் வலுவான வாதம். பம்பருக்கு 7,000 தர்றேன்னு சொல்லலாம்.

டயர். காருக்கு டயர் பட்டன் ஆழம் குறைஞ்சது 1.6 மில்லிமீட்டர் இருக்கணும்கிறது மோட்டார் வாகன விதி. உங்க டயரில் 3 மில்லிமீட்டர் இருக்குன்னா, அது சட்டப்படி ஓட்டத் தகுதியான டயர். 4 வருஷம் ஓடினா டயர் தேயும். இந்த வரிக்குப் பூஜ்யம். ஆனா ஒப்பந்தத்தில் வேற ஆழம் எழுதியிருந்தா அதுதான் கணக்கு. பக்கவாட்டில் வெட்டோ வீக்கமோ இருந்தா, அந்த ஒரு டயருக்கு மட்டும் பேசுங்க.

கதவில் ஒரு சாண் நீளத்துக்கு ஆணியால் கோடு போட்ட மாதிரி கீறல். இது சேதம்தான். 6,500 கட்டிடலாம்.

உள் சுத்தம். சாதாரண தூசி, கால் மிதியடி அழுக்குன்னா தேய்மானம். வாந்திக் கறை, எண்ணெய்க் கறைன்னா சேதம். இங்கே சாதாரண அழுக்குன்னு எடுத்துக்குவோம், பூஜ்யம்.

சாவி தொலைஞ்சது உண்மை. 9,000 கட்டணும்.

ரீகண்டிஷனிங் 12,000. எதுக்குன்னு விவரமே இல்லை. அடுத்தவங்களுக்கு விக்கிறதுக்கு முன்னாடி வண்டியைப் பளபளப்பாக்கிறது அவங்க வியாபாரச் செலவு. ‘என்ன வேலை, எந்தப் பாகம், ஒர்க்ஷாப் பில் எங்கே?’ன்னு கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் இது பூஜ்யம்.

கடைசியா ஜிஎஸ்டி. 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178-ஆம் எண் சுற்றறிக்கையில், சொத்துக்கு வந்த சேதத்துக்காக வெறும் இழப்பை ஈடுகட்டத் தர்ற பணம் எந்தச் சேவைக்கும் விலை இல்லை, அதனால வரி வராதுன்னு விளக்கியிருக்காங்க. லீஸைப் பாதியில் முடிக்கிற கட்டணம் வேற, அதுக்கு வரி வரும்னு அதே சுற்றறிக்கை சொல்லுது. ரெண்டையும் குழப்பாம, சேதத் தொகைக்கு எந்த அடிப்படையில் வரி போட்டீங்கன்னு கேளுங்க.

இப்போ கூட்டுங்க: 7,000 + 6,500 + 9,000 = 22,500 ரூபாய். 84,370 எங்கே, 22,500 எங்கே! எல்லாருக்கும் இவ்வளவு குறையும்னு சொல்லலை. வரி வரியா கேட்டாத்தான் குறையும்னு சொல்றேன். அதே மாதிரி, நியாயமா கட்ட வேண்டிய 22,500-ஐ உடனே கட்டிடறேன்னு சொல்லுங்க. அப்பதான் மிச்சத்தைப் பற்றிப் பேசும்போது உங்க வார்த்தைக்கு மதிப்பு இருக்கும்.

கிலோமீட்டர் கணக்கு: வாரக் கடைசிப் பயணம் எங்கே இடிக்குது?

ஒப்பந்தத்தில் வருஷத்துக்கு 15,000 கிலோமீட்டர்னு வெச்சுக்குவோம். ஆபீஸுக்குத் தினம் போக வர 30 கிலோமீட்டர், 240 நாள்: 7,200. சென்னையிலிருந்து திருவண்ணாமலைக்குப் போக வர சுமார் 400 கிலோமீட்டர். மாசம் ரெண்டு தடவை வந்தா வருஷத்துக்கு 24 தடவை, 9,600. மொத்தம் 16,800.

வருஷம் 1,800 கூடுதல். 4 வருஷத்துக்கு 7,200. கூடுதல் கிலோமீட்டருக்கு 6 ரூபாய்னு எழுதியிருந்தா 43,200 ரூபாய்! ஒரு தடவை வந்து போறது பெருசா தெரியாது. நாலு வருஷம் சேர்ந்தா இப்படித்தான் நிக்கும்.

இந்தக் கட்டணத்தை நான் அநியாயம்னு சொல்ல மாட்டேன். அதிகம் ஓடின வண்டிக்கு மிச்ச மதிப்பு குறையத்தான் செய்யும். ஆனா இதைச் சமாளிக்க வழி இருக்கு. முதல் வருஷ முடிவிலேயே ஓடோமீட்டரைப் பாருங்க. அளவு தாண்டும்னு தெரிஞ்சா, மீதிக் காலத்துக்கு கிலோமீட்டர் வரம்பைக் கூட்டி வாடகையை மாத்தித் தர முடியுமான்னு அப்பவே கேளுங்க. கடைசி நாளில் கட்டறதைவிட எது மலிவுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. இன்னொண்ணு, கூடுதல் கிலோமீட்டருக்கும் காசு வாங்கிட்டு, டயர் தேய்ஞ்சிருக்குன்னும் பில் போட்டா, அதுவும் ஒரே தேய்மானத்துக்கு ரெண்டு பில்தான்.

குரங்கு, மயில், மரத்தடி: இந்தப் பகுதிக்கே உரிய சேதங்கள்

ரமணாசிரமம் பகுதியில் வண்டி நிறுத்தறவங்களுக்கு இதைத் தனியா சொல்லணும். இங்கே குரங்கும் மயிலும் அதிகம். குரங்கு ஆன்டெனாவையும் வைப்பரையும் பிடுங்கும், கூரையில் குதிச்சு சொட்டை போடும். மயில், பளபளன்னு இருக்கிற காரில் தன் பிம்பத்தைப் பார்த்து வேற மயில்னு நினைச்சுக் கொத்தும். மரத்தடியில் நிறுத்தினா பறவை எச்சம், பிசின்.

இதில் குரங்கு, மயில் செய்யறது தேய்மானம் இல்லை, வெளியிலிருந்து வந்த தற்செயல் சேதம். விரிவான மோட்டார் பாலிசியில் சொந்தச் சேதப் பகுதியில் இதுக்கு கிளெய்ம் பண்ணலாம். கட்டாயக் கழிவு 1500 சிசி வரைக்குமான காருக்கு 1,000 ரூபாய், அதுக்கு மேல 2,000 ரூபாய். லீஸ் வண்டிக்குப் பாலிசி லீஸ் கம்பெனி கையில் இருந்தா, அவங்க உதவி எண்ணுக்கு அன்னிக்கே சொல்லிடுங்க.

‘அப்புறம் பார்த்துக்கலாம்’னு விட்டா ரெண்டு நஷ்டம். ஒண்ணு, தாமதமா சொன்னா இன்சூரன்ஸ் கேள்வி கேட்கும். ரெண்டு, நாலு வருஷத்துச் சேதத்தையும் கடைசியில் ஒண்ணா கிளெய்ம் பண்ண முடியாது. ஒவ்வொரு சம்பவமும் தனி கிளெய்ம், ஒவ்வொண்ணுக்கும் தனிக் கழிவு. அந்தச் சேதமெல்லாம் சேர்ந்து உங்க கடைசி பில்லில் வந்து உட்காரும்.

பறவை எச்சத்துக்கு இன்சூரன்ஸை எதிர்பார்க்காதீங்க. அது பெயிண்டை அரிக்கும். தண்ணி ஊத்தி ஊற வெச்சு அன்னிக்கே துடைச்சுடுங்க. காஞ்சதைச் சுரண்டினா கீறல் விழும். பௌர்ணமி, கார்த்திகை தீபம் சமயத்தில் கூட்டத்துக்கு நடுவில் காரைக் கொண்டுபோய் நிறுத்தாம, வெளியே போலீஸ் ஒதுக்கற பார்க்கிங்கில் விட்டுட்டு நடந்து போறது பக்கவாட்டுக் கீறலைத் தவிர்க்கும். கிரிவலம் 14 கிலோமீட்டரும் எப்படியும் நடக்கத்தானே போறீங்க!

திருப்பிக் கொடுக்கிறதுக்கு மூணு மாசம் முன்னாடி

1. காரைக் கழுவி, பகல் வெளிச்சத்தில் சுத்தி வந்து பாருங்க. ஒவ்வொரு கீறலையும் பக்கத்தில் ஒரு ஸ்கேல் வெச்சு போட்டோ எடுங்க.

2. வண்டி எடுத்த அன்னிக்குக் கையெழுத்தான டெலிவரி ஷீட்டைத் தேடுங்க. அன்னிக்கே இருந்த கீறல் அதில் இருந்தா, உங்க பொறுப்பு இல்லை. புதுசா லீஸ் எடுக்கறவங்க முதல் நாளே நாலு பக்கமும் வீடியோ எடுத்து உங்களுக்கே மெயில் பண்ணி வெச்சுக்குங்க. தேதி தானா பதிவாகிடும்.

3. சின்ன சேதத்தை நீங்களே வெளியே சரி பண்ணலாமான்னு ஒப்பந்தத்தில் பாருங்க. அனுமதி இருந்தா நல்ல டிங்கரிங், பெயிண்டிங் கடையில் விலை கேளுங்க. அந்த எஸ்டிமேட், பின்னாடி லீஸ் கம்பெனி விலையோட ஒப்பிடவும் உதவும். ஆனா மட்டமான வேலை செஞ்சா அதுக்கும் சேர்த்து பில் வரும், ஜாக்கிரதை.

4. சர்வீஸ் எல்லாம் நேரத்துக்குச் செஞ்ச பதிவு, சாவிகள், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்குங்க.

5. ஒப்படைக்கிற அன்னிக்கு இன்ஸ்பெக்ஷன் நடக்கும்போது கூடவே நில்லுங்க. வெத்து ஷீட்டில் கையெழுத்து போடாதீங்க. ஒத்துக்க முடியாத வரி இருந்தா, பக்கத்தில் ‘ஏற்கவில்லை’ன்னு எழுதிக் கையெழுத்து போடுங்க. தேதி, நேரம், ஓடோமீட்டர் அளவு போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்காம சாவியைத் தராதீங்க. அதுக்கப்புறம் வர்ற டிராஃபிக் அபராதம் உங்க தலையில் விழாம இருக்க அதுதான் ஆதாரம்.

6. ஃபாஸ்டேக் உங்க பேரில் இருந்தா மூடிடுங்க. இல்லைன்னா அடுத்தவர் போற டோலுக்கு உங்க பணம் போகும்.

7. வண்டியை நீங்களே வாங்கிக்கிறதா இருந்தா, சொல்ற விலையைச் சந்தை விலையோட ஒப்பிடுங்க. ஆர்சியில் லீஸ் குறிப்பு இருந்தா, அதை நீக்க 35-ஆம் படிவத்தில் லீஸ் கம்பெனி கையெழுத்து வேணும். அதை வாங்காம முழுப் பணத்தையும் தராதீங்க.

பேசியும் நடக்கலைன்னா?

ஒப்பந்தம் உங்க பேரில், சொந்த உபயோகத்துக்குன்னா நீங்க நுகர்வோர். முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்க. அதுக்கு மேல போகணும்னா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். லீஸ் கம்பெனி மும்பையில் இருந்தாலும், நீங்க திருவண்ணாமலையில் குடியிருந்தா இங்கே உள்ள மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைன்னா கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த 2 வருஷத்துக்குள்ள போகணும்.

‘ஒப்பந்தத்தில் ஆர்பிட்ரேஷன் இருக்கே, மும்பைக்குத்தான் போகணும்’னு அவங்க சொல்லலாம். ஆர்பிட்ரேஷன் ஷரத்து இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிற உரிமை போகாதுன்னு எம்மார் எம்ஜிஎஃப் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கு. நஷ்டத்துக்குச் சம்பந்தமே இல்லாத பெரிய அபராதம் விதிக்கிற ஒப்பந்தத்தை, 2019 சட்டம் ‘நியாயமற்ற ஒப்பந்தம்’னே வகைப்படுத்துது. அதை எதிர்க்கணும்னா மாநில ஆணையத்துக்குப் போகணும்.

ஒப்பந்தம் உங்க ஆபீஸ் பேரில் இருந்தா, வழி ஆபீஸ் மூலம்தான். மேலே சொன்ன சம்பளப் பிடித்த விதிகளைச் சுட்டிக்காட்டி ஹெச்ஆருக்கு எழுதுங்க. லீஸ் கம்பெனிக்கு உங்க ஆபீஸ் பெரிய கஸ்டமர். நீங்க தனியா பேசினா குறைக்காததை, ஆபீஸ் கேட்டா குறைக்க வாய்ப்பு அதிகம்.

இன்னிக்கே செய்யக்கூடிய வேலை ஒண்ணு இருக்கு. உங்க லீஸ் ஒப்பந்தத்தைத் திறந்து மூணு விஷயத்தைக் குறிச்சு வெச்சுக்குங்க: மொத்தக் கிலோமீட்டர் வரம்பு, கூடுதல் கிலோமீட்டர் விலை, திருப்பித் தரும் நிலை பற்றிய பக்கம். அப்படியே போய் ஓடோமீட்டரைப் பார்த்து, மாசக் கணக்கில் வகுத்துப் பாருங்க. 10 நிமிஷ வேலைதான். லீஸில் வண்டி வெச்சிருக்கிற நண்பர் யாராவது இருந்தா இதை அவங்களுக்கும் அனுப்புங்க.

அடுத்த பதிவில், வேலை மாறும்போது லீஸைப் பாதியில் முடிச்சா எவ்வளவு செலவாகும்னு இதே மாதிரி கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.